ஒய் குரோமோசோமில் ரிப்பீட்டுகளைப் படிப்பது எப்படி

புதிதாக ஓர் உயிரினத்தின் ஒய் குரோமோசோமை ஆராய வருபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, ரிப்பீட்டுகளை, அதாவது டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் வரிசைகளை, எந்த மென்பொருளால் மறைப்பது என்றுதான். மறைக்கவே வேண்டாம். மரபணு தேடுகிறவருக்கு அவை தொல்லைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாம் தேடுவது வரலாறு. மனித ஒய்யின் முழு வரிசை 2023இல்தான் வெளிவந்தது, சுமார் 6.25 கோடி டிஎன்ஏ எழுத்துகள். அதற்கு முன் எல்லோரும் பயன்படுத்திய வரிசையில் பாதிக்கு மேல் வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் இருந்தவை பெரும்பாலும் ரிப்பீட்டுகள்.

ஆண், பெண் இரண்டிலிருந்தும் மாதிரி எடுங்கள். ரீட்கள், அதாவது கருவி ஒரே மூச்சில் படித்துத் தரும் டிஎன்ஏ துண்டுகள், நீளமானவையாக இருக்கட்டும். 3,500 எழுத்து அலகு ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்டிருக்கும் இடத்தில், 150 எழுத்து ரீட் எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒய் துண்டுகளைப் பிரிக்க ரீட் ஆழமே (ஓர் இடத்தில் எத்தனை ரீட்கள் பொருந்துகின்றன என்பதே) போதும். பெண்ணில் பூஜ்யம், ஆணில் எக்ஸ் தவிர்த்த மற்ற குரோமோசோம்களின் ஆழத்தில் பாதி. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: ஒய்யில் உட்கார்ந்திருக்கும் தாவும் மரபணுவுக்கு (மரபுத்தொகுதிக்குள் இடம்விட்டு இடம் பரவும் துண்டுக்கு) மற்ற குரோமோசோம்களிலும் உடன்பிறப்புகள் உண்டு, பெண்ணின் ரீட்கள் அங்கிருந்து வந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒரே இடத்தில் மட்டும் பொருந்தும் ரீட்களை வைத்தே முடிவெடுங்கள். சில இடங்களில் ஆணின் ஆழம் எதிர்பார்த்ததைவிட 40 மடங்கு எகிறும். பிழை என்று தூக்கிப் போடாதீர்கள். அசெம்பிளி (ரீட்களை ஒட்டிக் கட்டிய வரிசை) 40 பிரதிகளை ஒன்றாகச் சுருட்டியிருக்கிறது, அவ்வளவுதான். பிரதி எண்ணிக்கை உங்களுக்கு இலவசமாகக் கிடைத்துவிட்டது.

அப்புறம் ரிப்பீட் நூலகம், அதாவது அந்த உயிரினத்தின் ரிப்பீட் வகைகளின் பட்டியல். அதைக் கட்டும் மென்பொருளான ரிப்பீட்மாடலரை ஆணின் மரபுத்தொகுதியில் ஓட்டுங்கள். பெண்ணை வைத்துக் கட்டிய நூலகத்தில் ஒய்யில் மட்டுமே உள்ள சாட்டிலைட்டுகள் (ஒரே அலகு அடுத்தடுத்து அடுக்கப்பட்ட ரிப்பீட்டுகள்) இருக்காது.

ஒப்பிடும்போது ஒய்யை மொத்த மரபுத்தொகுதியின் சராசரியோடு ஒப்பிடுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். எக்ஸில் அதற்கு இணையான பகுதியோடு ஒப்பிடுங்கள். பப்பாளியின் இருபால் செடிகளில், ஒய்யின் பாலினப் பகுதி 81 லட்சம் எழுத்து, எக்ஸில் அதன் இணை 35 லட்சம். வித்தியாசத்தின் பெரும்பங்கு ரெட்ரோட்ரான்ஸ்போசான்கள், அதாவது ஆர்என்ஏ வழியாகப் பிரதி எடுத்துப் பரவும் தாவும் மரபணுக்கள். கூடவே, சாதாரண குரோமோசோம் ஒன்றின் சென்ட்ரோமியர் (செல் பிரியும்போது குரோமோசோமைப் பிடித்து இழுக்கும் இடம்) ஓரத்தையும் சேருங்கள். ஒய்யைப் போல அங்கேயும் மறுசேர்க்கை (ஜோடிக் குரோமோசோம்கள் துண்டுகளைப் பரிமாறிக்கொள்வது) குறைவு, ரிப்பீட்டும் அதிகம். உங்கள் ஒய் அதைவிட அதிகமாகக் காட்டினால்தான் தனிக் கதை.

இனி முக்கியமான கேள்வி. மறுசேர்க்கை நின்றதால் ரிப்பீட்டுகள் குவிந்தனவா, குவிந்ததால் நின்றதா? வயதைக் கணக்கிட்டால்தான் தெரியும். எல்டிஆர் என்பது இரு முனைகளிலும் ஒரே வரிசையைக் கொண்ட ரெட்ரோட்ரான்ஸ்போசான் வகை. அந்த வகைத் தாவும் மரபணு நுழையும்போது அதன் இரு முனைகளும் ஒரே மாதிரி இருக்கும், பிறகு தனித்தனியாக மாறும். 500 எழுத்து முனைகளில் 10 வேறுபாடு என்றால் 0.02. நெல்லுக்குப் பயன்படுத்தும் வேகம் ஓர் எழுத்துக்கு ஆண்டுக்கு 1.3×10⁻⁸. இரு முனைகளும் மாறுவதால் அதை இரட்டிப்பாக்கி வகுங்கள்: சுமார் 7.7 லட்சம் ஆண்டுகள். இதை எக்ஸ்–ஒய் மரபணு ஜோடிகளின் வேறுபாட்டிலிருந்து வரும் வயதோடு வைத்துப் பாருங்கள். ரிப்பீட்டுகள் இளையவை என்றால் அவை விளைவு. மறுசேர்க்கையைத் தடுக்கும் தலைகீழ் திருப்பத்தின் (குரோமோசோம் துண்டு ஒன்று திரும்பி ஒட்டிக்கொண்டதன்) முனைகளிலேயே பழைய பிரதிகள் அமர்ந்திருந்தால் காரணமாக இருக்க வாய்ப்பு உண்டு.

இந்திய மரபியலாளர் லால்ஜி சிங்கும் கூட்டாளிகளும் 1970களில் பாம்புகளில் கண்டது இந்த விவாதத்தில் இன்னும் வரும்: பாம்புகளின் பால் குரோமோசோம்களான இசட்டும் டபிள்யூவும் (டபிள்யூ பெண்ணிடம் மட்டும் உண்டு) ஒரே அளவில் இருக்கும் இனங்களிலும் டபிள்யூவில் சாட்டிலைட் குவிந்திருந்தது. குவிப்பே முதல் படி என்றார்கள். எனக்கு முழுச் சம்மதம் இல்லை. அளவு சமமாக இருப்பதால் மறுசேர்க்கை நடக்கிறது என்று ஆகிவிடாது.

வயதுக் கணக்கில் ஒரே எச்சரிக்கை. மனித ஒய்யின் பாலிண்ட்ரோம்களில் (ஒரே வரிசை எதிரெதிர்த் திசையில் இருமுறை வரும் பகுதிகளில்) இரு கைகளும் 99.97 சதவீதம் ஒத்திருக்கும், ஆனால் அவற்றில் பல சிம்பன்சியிடமும் உண்டு. பழையவைதான், ஒன்றைப் பார்த்து மற்றொன்று திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கிறது. எல்டிஆர் முனைகளுக்கும் இப்படித் திருத்தம் நேரலாம், அப்போது கிழடு இளசாகத் தெரியும். முனைகள் அச்சு அசலாக ஒத்திருந்தால் அக்கம்பக்கத்தில் இணைப் பிரதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வயதை எழுதுங்கள்.