பயனெட்டை வீட்டுக் கத்தியாக்கும்போது நடக்கும் தவறுகள்

புதுச்சேரியில் 'சொல்தா வீடு' என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர் ஒருவராவது அந்தக் குடும்பத்தில் இருந்திருப்பார். எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறை இருந்தார்கள். அவர்கள் விட்டுப்போன தகரப் பெட்டியில் மெடல்கள், மஞ்சள் பூத்த காகிதங்கள், எல்லாவற்றுக்கும் அடியில் பழைய வேட்டித் துணியில் சுற்றிய ஒரு பயனெட். துப்பாக்கி முனையில் மாட்டுகிற அந்த நீளக் குத்துக்கத்திதான். பித்தளைக் குமிழ், மரப்பிடி, ஒரு முழத்துக்கும் மேலே நீளும் அலகு.

ஒரு ஆனி மாதம் பண்ருட்டியிலிருந்து பெரிய பலாப்பழம் வந்திறங்கியது. அருவாள் கைக்கு அகப்படவில்லை. சித்தப்பா பெட்டியைத் திறந்து பயனெட்டை எடுத்துவிட்டார். அன்றைக்குத் தொடங்கிய சேதம் ஒரே வாரத்தில் முடிந்துவிட்டது. அதைச் சொன்னால் இன்னும் நாலு வீட்டுப் பெட்டியாவது தப்பும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, 'கூராகத்தானே இருக்கிறது, வெட்டும்' என்று நினைப்பது. முனை கூர்மை, பக்கம் மழுக்கல். எங்களுடையது பிரெஞ்சு ராணுவத்தின் கிராஸ் துப்பாக்கிக்காக 1874-இல் வந்த மாதிரி. அலகு 52 சென்டிமீட்டர். அதைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆங்கில எழுத்து 'டி' போல இருக்கும்: முதுகு தடித்த பட்டை, அதிலிருந்து கீழே மெலிந்து இறங்கும் தகடு. குத்தும்போது வளையக் கூடாது என்பதற்காகச் செய்த வடிவம் அது. பலாவில் இறக்கினால் மெல்லிய பகுதி உள்ளே போகும், தடித்த முதுகு வந்ததும் ஆப்பு அடித்த மாதிரி நின்றுவிடும். சித்தப்பாவுக்கு அப்படித்தான் நின்றது. பிடுங்க ஆட்டினார். காலால் பழத்தை மிதித்துக்கொண்டு மறுபடி ஆட்டினார். சட்டென்று வெளியே வந்தபோது முனை அவர் கணுக்காலுக்கு ஒரு விரற்கடை தள்ளிப் போனது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் பிசையும்.

இதற்கு அடுத்து 1886-இல் வந்த லெபெல் துப்பாக்கியின் பயனெட்டுக்கு வெட்டும் பக்கமே கிடையாது. நான்கு மூலை கொண்ட நீண்ட ஊசி. பிரெஞ்சுச் சிப்பாய்கள் அதற்கு 'ரோசலி' என்று செல்லப்பெயர் வைத்திருந்தார்கள். பிரிட்டிஷ்காரர்களின் 4-ஆம் எண் லீ என்ஃபீல்டு துப்பாக்கிக்கு வந்ததும் 8 அங்குல ஊசிதான். கத்தி போலவே தெரிகிற அவர்களுடைய 1907 மாதிரியில் அலகு 17 அங்குலம். இந்தியாவில் அதையே 12 அங்குலமாகக் குறைத்துச் செய்தார்கள். வங்காளத்து இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை முத்திரையோடு பார்க்கலாம். பார்வைக்கு அடுப்படிக் கத்தியின் பெரியண்ணன் போல இருக்கும். ஆனால் வெங்காயம் நறுக்கும் கத்தியின் தகடு 2 மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். அமெரிக்க ராணுவத்தின் எம்9 பயனெட் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் தடிப்பு. அதால் வெங்காயம் துண்டாகாது, நசுங்கும்.

பிடியும் அப்படியே. பிடிக்கும் அலகுக்கும் நடுவே உள்ள குறுக்குச் சட்டத்தில் துப்பாக்கிக் குழலுக்கான வளையம் நீட்டிக்கொண்டிருக்கும்; ஆள்காட்டி விரலை அலகின் பக்கம் கொண்டுபோய் அழுத்தவே முடியாது. பின்னால் குமிழில் துப்பாக்கியில் பூட்டுவதற்கான பள்ளமும் விசைப் பொத்தானும் இருக்கும். பத்து நிமிடம் வேலை செய்தால் உள்ளங்கையில் அதன் அச்சு விழுந்துவிடும். இளநீர் சீவுகிறவர் அருவாளைக் கவனியுங்கள், கனம் முன்பக்கம் இருக்கிறது, வீசினால் அதுவே வேலை செய்துகொடுக்கும். பயனெட்டில் கனம் பிடியில்.

பெட்டி மூடியை நெம்புவது, பெயின்ட் டப்பா திறப்பது, மரத்தில் எறிந்து பார்ப்பது, இவையெல்லாம் முனையை முறிக்கும் வேலைகள். நீளவாக்கில் வரும் விசைக்குச் செய்த எஃகைப் பக்கவாட்டில் வளைக்கிறோம். ஏகேஎம் என்ற சோவியத் துப்பாக்கியின் பயனெட்டில் அலகில் ஒரு துளை, உறையில் ஒரு முளை, இரண்டையும் சேர்த்தால் கம்பி வெட்டும் கத்தரி. அது நிஜமாகவே வேறொரு வேலைக்கும் யோசித்துச் செய்தது. அதைக் காட்டி எல்லா பயனெட்டும் எல்லா வேலைக்கும் ஆகும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நம்ப வேண்டாம்.

இனி நான் மிகவும் வருந்துகிற தவறு: சாணை. பலா வெட்டாத ஆத்திரத்தில் சித்தப்பா அதைச் சாணை பிடிக்கிறவரிடம் கொடுத்தார். அவர் மேல் குற்றமில்லை, கூராக்கச் சொன்னார்கள், கூராக்கினார். வேகமாகச் சுழலும் கல்லில் மெல்லிய தகடு காய்ந்து, ஓரமெல்லாம் மயில்கழுத்து நீலம் ஓடியது. அந்த நிறம் வந்தால் எஃகு 300 டிகிரியைத் தொட்டுவிட்டது, அந்த இடத்தில் பதம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். பிறகு எத்தனை தரம் தீட்டினாலும் கூர் நிற்காது. அதோடு விடாமல், 'பளபளன்னு ஆக்கிடுங்க' என்று பஃப் சக்கரத்திலும் போடச் சொல்லியிருக்கிறார். கிராஸ் பயனெட்டின் தடித்த முதுகில், செய்த தொழிற்சாலை, மாதம், வருடம் எல்லாம் சாய்ந்த கையெழுத்தில் பொறித்திருக்கும். குறுக்குச் சட்டத்திலும் உறையிலும் எண் இருக்கும். இரண்டும் பொருந்தினால்தான் ஜோடி. மெருகேற்றும் முன் முதுகில் இருந்த எழுத்தை யாரும் ஒரு தாளில்கூட எழுதிவைக்கவில்லை.

சாப்பாட்டுப் பொருளை இதால் வெட்டுவதும் கூடாது. பித்தளையில் புளிப்புப் பட்டால் களிம்பு பிடிக்கும். உறைக்குள் எத்தனை காலத்து கிரீஸோ! பலாப் பால் அதற்குள் போனது இன்னொரு கதை: எங்கள் எஃகு உறையின் வாயில் அலகைப் பிடித்துக்கொள்ள உள்ளே இரண்டு வில்தகடு உண்டு, பிசின் அவற்றை ஒட்டிவிட்டது. பிசினைக் கரைக்க அம்மா ஊற்றிய தேங்காயெண்ணெய் நாளடைவில் அதுவே ஒரு பிசினாகிவிட்டது. தையல் மெஷின் எண்ணெய்தான் சரி. தோல் உறை உள்ளவர்கள் அலகை வெளியே எடுத்தே வையுங்கள். தோல் ஈரத்தை இழுக்கும், கடற்காற்று உள்ள புதுச்சேரியிலும் கடலூரிலும் ஒரே மழைக்காலத்தில் துரு ஏறிவிடும்.

அலகில் ஓடும் நீளப் பள்ளத்தை 'ரத்தம் வடிய வைத்தது' என்று பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். வலு குறையாமல் எடையைக் குறைக்கவே அந்தப் பள்ளம்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் வாள், ஈட்டியோடு பயனெட்டும் பெயர் சொல்லியே இருக்கிறது. மற்ற கத்திகளுக்கு 9 அங்குல நீளம், 2 அங்குல அகலம் என்று அளவு உண்டு. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தவற்றுக்கு விலக்கும் உண்டு. அருவாமனைக்குக் கிடைக்கும் அந்த விலக்கை, 'காய் நறுக்கத்தான் வைத்திருக்கிறேன்' என்று சொல்லி பயனெட்டுக்குக் கேட்க முடியாது. வைத்திருப்பவர்கள் கலெக்டர் ஆபீஸில் முறை என்னவென்று கேட்டுக்கொள்ளுங்கள். வண்டிப் பெட்டியில் போட்டுக்கொண்டு சண்டே மார்க்கெட்டுக்குப் போவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

அதே தகரப் பெட்டியில் தாத்தாவின் மடக்குக் கத்தி ஒன்றும் கிடந்தது. ஓப்பினெல் என்ற பிரெஞ்சுக் கம்பெனியுடையது, 8-ஆம் எண், எட்டரை சென்டிமீட்டர் அலகு, தேய்ந்து தேய்ந்து வளைந்த மரப்பிடி. அல்ஜீரியாவில் இருந்தபோது ரொட்டி வெட்டியதும் கயிறு அறுத்ததும் அதில்தான் என்று சொல்வார். பயனெட்டை இடுப்பில் கட்டியிருந்த சிப்பாயே அன்றாட வேலைக்கு அதைத் தொடவில்லை.

இப்போது மாதம் ஒருதரம் நான்தான் பெட்டியைத் திறக்கிறேன். மெல்லிய பருத்தித் துணியில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, பிடியிலிருந்து முனை வரை ஒரே திசையில் துடைப்பேன். முதுகில் வருடம் இருந்த இடத்தில் '18' மட்டும் தெரிகிறது. அடுத்த இரண்டு எண்கள் போய்விட்டன. அந்த இடம் வந்தால் துடைப்பதில்லை, ஒற்றி எடுக்கிறேன்.