எடை குறைந்த பாஸ் கிட்டார்: வாங்கும்போது எங்கே தவறுகிறோம்?

ஞாயிறு ஆராதனையில் இரண்டு மணி நேரம் நின்று வாசிப்பவருக்கும் மெல்லிசைக் கச்சேரியில் நள்ளிரவு வரை வாசிப்பவருக்கும் வலிக்கும் இடம் ஒன்றுதான்: இடது தோள். வழக்கமான முழு அளவு பாஸ் கிட்டார் 3.6 முதல் 4.5 கிலோ வரை இருக்கும். அதனால் "லைட்டா ஒண்ணு காட்டுங்க" என்று கேட்டு வாங்குகிறார்கள். கையில் இருப்பது 25,000, 30,000 ரூபாய் என்றாலும் நல்லது கிடைக்கும். ஆனால் எடையை மட்டும் பார்த்து வாங்கியவர்களில் பலருக்கு தோள்வலி போய் மணிக்கட்டு வலி வந்துவிடுகிறது.

முதல் தவறு, மாடலின் பெயரை வைத்து எடையை முடிவு செய்வது. மரம் வளர்ந்த பொருள். ஒரே மாடல், ஒரே நிறம், ஒரே மரம் என்றாலும் இரண்டு கிட்டார்களுக்கு இடையே அரை கிலோ வித்தியாசம் சாதாரணமாக வரும். ஆஷ் மரம் என்று எழுதியிருந்தால் இலேசு என்று பொருளில்லை. சதுப்பு நிலத்தில் வளர்ந்த ஸ்வாம்ப் ஆஷ் இலேசாக இருக்கும், மற்ற ஆஷ் கல்லாகக் கனக்கலாம். பாப்லர், பாஸ்வுட் போன்ற மலிவான மரங்கள் பெரும்பாலும் இலேசானவை. விலை குறைந்த மரம் என்று அவற்றை ஒதுக்க வேண்டாம்.

விமானப் பயணப் பெட்டியை எடை பார்க்கும் சின்னத் தொங்கு தராசைக் கடைக்குக் கொண்டுபோங்கள். ஸ்ட்ராப்பை மாட்டி, அதைத் தராசின் கொக்கியில் தொங்கவிட்டால் போதும். ஆன்லைனில் வாங்குவதானால், அனுப்பப்போகும் அதே கிட்டாரைத் தராசில் வைத்துப் படம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். 3.6 கிலோவுக்குக் கீழே இருந்தால் இலேசு. 3.2 கிலோ என்றால் மிக நல்லது, ஆனால் அங்கேதான் அடுத்த சிக்கல் தொடங்குகிறது.

பாடி இலேசாகி, நெக்கும் அதன் நுனியில் டியூனிங் கீகள் இருக்கும் ஹெட்ஸ்டாக்கும் பழைய கனத்திலேயே இருந்தால், கையை எடுத்த மறுநொடி நெக் தரையை நோக்கிச் சாயும். இதைத்தான் நெக் டைவ் என்கிறோம். அப்போது இடது கை ஸ்வரம் பிடிக்கும் வேலையோடு நெக்கைத் தாங்கும் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. ஒரு பாட்டுக்குத் தெரியாது. பத்தாவது பாட்டில் கட்டைவிரலும் மணிக்கட்டும் இறுகிவிடும். சமநிலை உள்ள 3.9 கிலோ பாஸ், சாய்கிற 3.1 கிலோ பாஸைவிட உடம்புக்கு நல்லது. இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

சோதிப்பது எளிது. ஸ்ட்ராப்பை மாட்டி நின்று, நெக்கைச் சற்று மேல்நோக்கி வைத்து, இரண்டு கைகளையும் எடுத்துவிடுங்கள். அப்படியே நின்றால் வாங்கலாம். மெதுவாக இறங்கித் தரைக்கு இணையாக நின்றால் சமாளிக்கலாம். அதற்கும் கீழே போனால் வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். இந்தச் சோதனையைக் கடையில் கிடக்கும் வழவழப்பான நைலான் ஸ்ட்ராப்பில் செய்வதே நல்லது, சொரசொரப்பான தோல் ஸ்ட்ராப் குறையை மறைத்துவிடும்.

பார்வையிலேயே கொஞ்சம் கண்டுபிடிக்கலாம். ஸ்ட்ராப் பட்டன் இருக்கும் மேல் கொம்பு, 12வது பிரெட் (நெக்கில் பதித்த உலோகக் கோடு) வரை நீண்டிருந்தால் சமநிலைக்கு வாய்ப்பு அதிகம். ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்த பிரிசிஷன் பாஸின் நீண்ட கொம்பு வெறும் அழகுக்காக இருப்பதில்லை. கிப்சனின் எஸ்ஜி வடிவத்தில் கொம்பு குட்டை, பட்டன் நெக் சேருமிடத்தில் இருக்கும். அந்த வடிவங்கள் சாய்வதற்குப் பெயர் போனவை.

ஏற்கெனவே வாங்கியது சாய்கிறதென்றால், பாடிக்குள் ஈயம் வைத்துக் கட்டாதீர்கள். இலேசாக வாங்கியதன் பயனே போய்விடும். பெரிய பழைய பாணி டியூனிங் கீகளைக் கழற்றி, எடை குறைந்தவற்றைப் போடுங்கள். நாலு கீகளுக்கும் சேர்த்து 150 முதல் 200 கிராம் வரை குறையும். நெக்கின் நுனியில் குறைகிற எடை, பாடியின் அடியில் அதைப்போல இரண்டு மடங்கு எடை சேர்ப்பதற்குச் சமம், தூரம் அதிகம் என்பதால். வாங்குமுன் கீ போகும் துளையின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள்.

ஸ்கேல் என்பது ஸ்ட்ரிங்கின் அதிரும் நீளம்: வழக்கமான லாங் ஸ்கேல் 34 அங்குலம், ஷார்ட் ஸ்கேல் சுமார் 30. ஷார்ட் ஸ்கேல் என்றாலே இலேசு என்று நினைப்பதும் தவறு. 30 அங்குல ஸ்கேலில் நெக் குட்டையாகும், ஆனால் தடித்த மஹோகனி பாடி இருந்தால் எடை அப்படியே நிற்கும். 34 அங்குலமே ஆனாலும் மெல்லிய பாடி கொண்ட ஐபனெஸ் ஜிஎஸ்ஆர் வகைகள் அவற்றைவிட இலேசாக வருவதுண்டு. ஷார்ட் ஸ்கேலின் உண்மையான ஆதாயம் விரலுக்கு. நெக்கின் தொடக்கத்திலிருந்து முதல் பிரெட் வரை உள்ள தூரம் 34 அங்குலத்தில் சுமார் 48.5 மில்லிமீட்டர், 30 அங்குலத்தில் 43. சிறிய கை உள்ளவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரியது. ஸ்க்வையர் பிராங்கோ, ஐபனெஸ் டால்மன் டிஎம்பி30 எல்லாம் 30 அங்குலம். ஐபனெஸ் மைக்ரோ 28.6.

இதற்கு ஒரு விலை உண்டு. அதே ஸ்ட்ரிங்கை அதே சுருதிக்கு 30 அங்குலத்தில் கட்டினால் இழுவிசை 22 சதவீதம் குறையும். தடித்த ஈ ஸ்ட்ரிங் தொளதொளவென்று ஆடி, பிரெட்டில் பட்டு இரையும். ஸ்ட்ரிங் தடிமன் (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) 45இல் தொடங்கி 100இல் முடியும் செட்டுக்குப் பதில், 50இல் தொடங்கி 105இல் முடியும் செட் போட்டால் கொஞ்சம் இறுகும். பாடகருக்காக அடிக்கடி அரை ஸ்வரம் இறக்கி வாசிப்பவர்கள் 34 அங்குலத்திலேயே இருப்பது நல்லது. லாங் ஸ்கேல் செட்டை வாங்கி வெட்டிப் போடுவதும் வேண்டாம். தடித்த பகுதியே கீயின் தண்டில் சுற்றும், சுற்றுக் கம்பி தளர்ந்து ஒலி செத்துவிடும். உங்கள் ஊரில் ஷார்ட் ஸ்கேல் செட் கிடைக்கிறதா என்று கிட்டார் வாங்குமுன் கேளுங்கள்.

உள்ளே கூடான வயலின் வடிவ பாஸ்கள் மிக இலேசு. ஆனால் மேடையில் ஆம்ப்புக்கு முன்னால் நின்றால் ஊளையிடும். சத்தமான குழுவுக்கு அவை ஒத்துவராது. ஐந்து ஸ்ட்ரிங் தேவையா என்பதையும் யோசியுங்கள்: அகலமான நெக், கூடுதல் கீ, இரண்டும் நுனியில்தான் கனம் சேர்க்கின்றன.

கையில் உள்ள பணம் முழுவதையும் கிட்டாருக்கே கொடுத்துவிடுவதுதான் பலர் செய்வது. 2,000, 3,000 ரூபாயைத் தனியே எடுத்து வையுங்கள். பட்ஜெட் கிட்டார்கள் பெட்டியிலிருந்து வரும்போது செட்டப், அதாவது நெக்கின் வளைவும் ஸ்ட்ரிங்கின் உயரமும், சரியாக இருப்பது அரிது. ஈ ஸ்ட்ரிங்கை முதல் பிரெட்டிலும் கடைசி பிரெட்டிலும் அழுத்திப் பிடியுங்கள். 8வது பிரெட்டில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி, அதாவது 0.3 மில்லிமீட்டர், இருக்க வேண்டும். 12வது பிரெட்டில் ஸ்ட்ரிங்கின் உயரம் ஈக்கு 2.5, மெல்லிய ஜிக்கு 2 மில்லிமீட்டர். நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பியான டிரஸ் ராடின் திருகு உண்மையிலேயே திரும்புகிறதா என்று கடைக்காரரையே திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். பழைய கிட்டார் என்றால் இது கட்டாயம், அது சிக்கிப்போன கிட்டார் என்ன விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம்.

மிச்சப் பணத்தில் ஸ்ட்ராப். 50 மில்லிமீட்டர் நைலான் பட்டை தோளை அறுக்கும். 80, 90 மில்லிமீட்டர் அகலத்தில், அடிப்பக்கம் சொரசொரப்பான தோல் உள்ளதை வாங்குங்கள். ரப்பர் போல இழுபடும் நியோபிரீன் ஸ்ட்ராப் முதலில் சுகமாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு அசைவுக்கும் கிட்டார் துள்ளும், பிடித்த இடம் நழுவும்.