சாய்தளம் சரியில்லையா? மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு மனு எழுதும் முறை

"சாய்தளம் சரியில்லை" என்று மட்டும் எழுதினால், "சரிசெய்துவிட்டோம்" என்ற ஒரு வரிப் பதிலோடு மனு முடிந்துவிடும். அளவை எழுதுங்கள். 1:12 விகிதப்படி (உயரத்தைப்போல் 12 மடங்கு நீளம்) 45 செ.மீ. உயர வாசலுக்கு 5.4 மீட்டர் நீளம் வேண்டும். இரண்டு மீட்டரில் சிமென்ட் பூசி முடித்திருந்தால் சக்கர நாற்காலி பின்பக்கம் கவிழக்கூடும். டேப்பை வைத்தே படம் எடுங்கள்.

கட்டடத்தின் முகவரி, பார்த்த தேதி, வேண்டிய திருத்தம், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 45 ஆகியவற்றைக் குறிப்பிட்டு மாநில ஆணையருக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். ரயில் நிலையம், மத்திய அரசு அலுவலகம் என்றால் டெல்லியிலுள்ள தலைமை ஆணையருக்கு. மாற்றி அனுப்பினால் காலம்தான் வீணாகும்.

மாநில ஆணையர் சாட்சிகளை அழைக்கலாம், ஆவணம் கேட்கலாம். ஆனால் தருவது பரிந்துரைதான். பிரிவு 81இன்படி அதன்மேல் சம்பந்தப்பட்ட அலுவலகம் மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். ஏற்காவிட்டால் காரணத்தை உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடிதத்தைத் தொலைத்துவிடாதீர்கள், உயர் நீதிமன்றம் போனால் தேவைப்படும்.