நீச்சல் முடிவுத்தாளைப் படிப்பது எப்படி?

ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு முடிந்ததும் "நீச்சலில் இந்தியாவுக்குப் பதக்கம் இல்லை" என்று ஒரு வரிச் செய்தி வரும். அதை வைத்து அணியை எடைபோடுவது நியாயமே அல்ல. முடிவுத்தாளை எடுத்துவைத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது நேரம், இடம் பிறகுதான். ஒவ்வொரு வீரருக்கும் எதிரே அவருடைய முந்தைய சிறந்த நேரத்தை எழுதுங்கள். அது 50 மீட்டர் குளத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். 25 மீட்டர் குளத்தில் அடிக்கடி சுவரை உந்தித் திரும்புவதால் நேரம் குறைந்துவிடும். இரண்டையும் ஒப்பிட்டால் கணக்கு தப்பும். நேரத்தை முழுக்க வினாடியாக்கிக் கழித்து, வித்தியாசத்தைப் பழைய நேரத்தால் வகுத்து நூறால் பெருக்குங்கள்.

நெய்வேலியில் வளர்ந்த சஜன் பிரகாஷ், 2021 ஜூனில் ரோமில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1:56.38-ல் முடித்து, ஒலிம்பிக்குக்கு நேரடியாகத் தகுதி தரும் 'ஏ' தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்தியர் ஆனார். அடுத்த மாதம் டோக்கியோவில் 1:57.22, 24-ஆம் இடம். 116.38-க்கு 0.84 கூடுதல், அதாவது 0.72 சதவீதம். அதே டோக்கியோவில் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் ஸ்ரீஹரி நடராஜின் நேரம் 53.77-லிருந்து 54.31 ஆனது; ஒரு சதவீதம் கூடுதல். அரையிறுதிக்கு 16 பேர் என்பதால், 16-ஆவது நேரத்தையும் பக்கத்தில் குறியுங்கள். தன் சிறந்த நேரத்தையே நீந்தியிருந்தால் உள்ளே போயிருப்பாரா என்பது அப்போது தெரியும்.

தகுதிச்சுற்றையும் இறுதியையும் சேர்த்தே படியுங்கள். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தகுதிச்சுற்றில் வீர்தவல் காடே 22.43. இறுதியில் 22.47. வெண்கலம் போனது 22.46-க்கு! 'நான்காம் இடம்' என்ற சொல்லில் இதில் எதுவுமே தெரியாது.

200 மீட்டரில் 50 மீட்டர் வாரியான ஸ்பிளிட் நேரங்களையும் பாருங்கள். முதல் 50-இல் குதித்த வேகம் கலந்திருக்கும், அதை விட்டுவிடுங்கள். இரண்டாவதையும் நான்காவதையும் ஒப்பிடுங்கள். கடைசி 50 மிகவும் நீண்டிருந்தால், பெரும்பாலும் தொடக்கத்திலேயே வேகத்தைச் செலவழித்திருக்கிறார்.

இறுதிப் போட்டியில் 4-ஆம் தடம் முந்தைய சுற்றில் மிக வேகமானவருக்கு. பிறகு 5, 3, 6, 2, 7, 1, 8 என்ற வரிசை.

ரிலேயில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டாவது ஆள் முதல் எல்லோரும், முன்னவர் சுவரைத் தொடும்போதே உடலை முன்னே வீசிப் பாய்கிறார்கள். அதனால் அவர்கள் நேரம் தனிநபர் நேரத்தைவிட ஏறக்குறைய அரை வினாடி குறைவாகவே இருக்கும். முதல் ஆளின் நேரம் மட்டுமே தனிநபர் சாதனைக்குச் செல்லும். ரிலேக்கு எதிரே நேரமே இல்லாமல் தகுதிநீக்கக் குறி இருந்தால் மாற்ற நேரங்களை (முன்னவர் சுவரைத் தொட்டதற்கும் அடுத்தவர் பாய்ந்ததற்கும் உள்ள இடைவெளியை) தேடுங்கள்: ஒருவர் முன்கூட்டிப் பாய்ந்திருந்தாலும் நால்வரின் உழைப்பும் தாளிலிருந்து போய்விடும்.