'ரெஸ்ட்ரிக்டட்' என்னும் ஆங்கிலப் பெயரடையைப் பிழையின்றி எழுதுவது எப்படி?

வேலூரில் ஆங்கிலம் கற்கத் தொடங்கும் மாணவர் பலர் 'ரெஸ்ட்ரிக்டட்' என்றால் 'தடைசெய்யப்பட்ட' என்று மனப்பாடம் செய்துகொண்டு, எழுதும்போது தடுமாறுகின்றனர்.

முதற்படியாக, பொருளைத் திருத்திக்கொள்ளுங்கள். இச்சொல் எல்லைக்குட்பட்ட அனுமதியைக் குறிக்கும்; முழுத்தடைக்கு 'புரொஹிபிட்டட்' இருக்கிறது. மத்திய அரசு ஊழியர்களுக்கான 'ரெஸ்ட்ரிக்டட் ஹாலிடே' இதற்கு நல்ல சான்று. பட்டியலில் உள்ள பல நாட்களில், ஆண்டுக்கு 2 நாட்களை மட்டும் ஊழியர் தாமே தேர்ந்துகொள்ளலாம்.

அடுத்து, அதைப் பெயர்ச்சொல்லுக்கு முன்னே வைத்துப் பழகுங்கள்: ரெஸ்ட்ரிக்டட் ஏரியா, ரெஸ்ட்ரிக்டட் ஆக்சஸ். இதில் சிக்கல் ஏதுமில்லை.

மூன்றாம் படியில்தான் பிழைகள் மிகுதி. எல்லையைச் சொல்ல 'டு' வரும். அதன்பின் பெயர்ச்சொல் வேண்டும். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் திப்பு சுல்தானின் மைந்தர்கள் நம் வேலூர்க் கோட்டையில் காவலில் வைக்கப்பட்டனர். அந்நிலையை 'தே வேர் ரெஸ்ட்ரிக்டட் டு த ஃபோர்ட்' என்று எழுதலாம். வெளியே செல்ல அனுமதியில்லை என்று சொல்ல விரும்புவோர் 'ரெஸ்ட்ரிக்டட் டு கோ அவுட்' என்று எழுதுவது தவறு. 'ரெஸ்ட்ரிக்டட் ஃப்ரம் கோயிங் அவுட்' என்பதே சரி.

நான்காவதாக, 'ரெஸ்ட்ரிக்டிவ்' என்னும் சொல்லைப் பிரித்தறியுங்கள்; என் கணிப்பில் இதுவே மிக முக்கியமான படி. கட்டுப்படுத்தும் விதியோ ஆடையோ 'ரெஸ்ட்ரிக்டிவ்'. கட்டுப்பாட்டுக்கு உள்ளாகும் ஆளோ இடமோ 'ரெஸ்ட்ரிக்டட்'. நெற்றியில் சமயக்குறி அணியக் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், புதிய தலைப்பாகையை அணிய வேண்டும் என்று சென்னைப் படையின் சிப்பாய்களுக்கு விதிக்கப்பட்ட ஆணைகள் 'ரெஸ்ட்ரிக்டிவ் ரூல்ஸ்' ஆகும். 1806 ஜூலை 10 அன்று இதே கோட்டையில் வெடித்த சிப்பாய்ப் புரட்சிக்கு அவையும் காரணம். 'ரெஸ்ட்ரிக்டிவ்' என்பதில் பெரும்பாலும் 'அளவுக்கு மீறி இறுக்குகிறது' என்ற குறைகூறலும் கலந்திருப்பதால், ஒரு விதியை நடுநிலையோடு குறிப்பிட வேண்டிய அலுவலகக் கடிதத்தில் அதைத் தவிர்ப்பது நலம்.

இறுதியாக, பயிற்சி. 'இத்தெருவில் இருசக்கர வாகனங்கள் மட்டுமே நிறுத்தலாம்', 'விடுதியின் விதிகள் மிகவும் இறுக்கமானவை' ஆகிய இரண்டையும் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். முதல் வாக்கியத்தில் 'ரெஸ்ட்ரிக்டட் டு', இரண்டாவதில் 'ரெஸ்ட்ரிக்டிவ்' வந்திருக்க வேண்டும். மாறியிருந்தால் நான்காம் படியை மீண்டும் படியுங்கள்.