காலரா பயமுள்ள தண்ணீர்: முதலில் பழைய புடவை, பிறகு குளோரின்

குளத்தில் மொண்ட தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் தத்தித் தத்தி நகர்ந்தால் அவை பெரும்பாலும் கோப்பிபாட்கள். ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள மிதவை உயிரிகள். காலராக் கிருமி இவற்றின் ஓட்டில் ஒட்டிக்கொண்டு வாழும். ஓட்டிலுள்ள கைட்டின் என்ற பொருள் அதற்கு இரை, ஓடே வீடு. தண்ணீர் குளிர்ந்தாலோ இரை குறைந்தாலோ சுருங்கி உறங்கிவிடும். அப்போது ஆய்வகத் தட்டில் வளராது, ஆனால் செத்திருக்காது. ஆகவே 'சோதனையில் கிருமி இல்லை' என்ற ஒன்றை மட்டும் நம்பிக் குடிக்காதீர்கள்.

தனிக் கிருமி எந்தப் புடவையிலும் நிற்காது. அதைச் சுமக்கும் கோப்பிபாட் நிற்கும். விறகுத் தட்டுப்பாட்டால் தண்ணீரைக் காய்ச்ச முடியாத வங்கதேசக் கிராமங்களுக்காக நுண்ணுயிரியலாளர்கள் ரீட்டா கோல்வெல், அன்வர் ஹக் குழுவினர் கண்ட வழி இது. மத்லப் பகுதியின் 65 கிராமங்களில் செய்து பார்த்தார்கள். புடவையில் வடித்தவர்களிடம் காலரா 48% குறைந்ததாக 2003இல் வெளியிட்டார்கள்.

பருத்திப் புடவை வேண்டும், அதுவும் பலமுறை துவைத்த பழையது. துவைக்கத் துவைக்க நூல் பஞ்சாகிக் கண் இறுகும். புதுத்துணியில் கண் பெரிது. குறைந்தது நான்கு மடிப்பாக மடித்துக் குடத்தின் வாயில் போட்டுக் கழுத்தில் இறுக்கிக் கட்டுங்கள். மெதுவாக ஊற்றுங்கள், ஓரத்தில் வழிந்து உள்ளே போனால் வடித்ததில் பலனில்லை. பலரும் தவறுவது இங்கே: அடுத்த குடத்துக்குத் துணியைத் திருப்பிப் போட்டால், பிடித்ததெல்லாம் குடத்துக்குள்ளேயே விழும். முடிந்ததும் துணியை அலசி, கடைசி அலசலை வடித்த நீரில் செய்து, வெயிலில் மொறமொறவெனக் காயவிடுங்கள். காலராக் கிருமி உலர்வதைத் தாங்காது. மழை நாளென்றால் துணியைச் சில நிமிடம் கொதிக்க வையுங்கள்.

வடித்த தண்ணீரில் தனிக் கிருமிகளும் வைரஸ்களும் மிச்சமிருக்கும். விறகு இருந்தால் தளதளவென ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள். இல்லையென்றால் குளோரின். வடிக்காமல் குளோரின் போடுவதில் சிக்கல் உண்டு: கலங்கலும் மிதவை உயிரிகளும் மருந்தைத் தின்றுவிடும், ஓட்டில் ஒட்டிய கிருமி தப்பிக்கும்.

33% குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 30 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேல்தெளிவை மட்டும் மூடியுள்ள கருநிற பாட்டிலில் எடுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். பொட்டலம் பிரித்து நாளான பவுடரில் வீரியம் இருக்காது. 10 லிட்டருக்கு இந்தத் தெளிவு 6 மில்லி. கலக்கி 30 நிமிடம் பொறுங்கள். லேசான குளோரின் வாசனை வரவேண்டும். வராவிட்டால் அதே அளவு இன்னொரு முறை, இன்னொரு 30 நிமிடம்.

வாய் குறுகிய பாத்திரத்தில் சேமியுங்கள், கைவிட்டு மொள்ளக்கூடாது. வீட்டில் யாருக்காவது காலரா வந்தால் அவர் துணியைக் குளத்தில் அலசவே அலசாதீர்கள். குடலிலிருந்து அப்போதுதான் வெளியேறிய கிருமி, முதல் சில மணி நேரம், குளத்துக் கிருமியைவிட மிக எளிதாகத் தொற்றும்.