பைனாகுலரில் பறவை சிக்கவே மாட்டேன் என்கிறதா? வசந்தகாலப் பூங்கா நடைக்கு ஒரு செய்முறை

வெறுங்கண்ணால் பார்த்தால் கிளையில் பறவை பளிச்சென்று தெரியும். பைனாகுலரைத் தூக்கினால் இலையும் வானமும்தான். மூன்று நடை எனக்கு இப்படியே வீணாய்ப் போனது. நான்காவது நடையில்தான் பிடிபட்டது. அதை எழுதி வைக்கிறேன்.

நேரம்: விடிந்த முதல் இரண்டு மணி நேரம். வசந்தம் இனப்பெருக்க காலம். துணையை அழைக்கவும் தன் எல்லையைக் காக்கவும் ஆண் பறவைகள் விடாமல் பாடும். மரங்கள் முழுசாகத் தழைக்கும் முன்பே போய்விடுங்கள். இலை அடர்ந்துவிட்டால் குரல் மட்டும்தான் மிஞ்சும்.

கருவி: 8×42 வாங்குங்கள். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 10 மடங்கு வேண்டாம் என்பதே என் கட்சி. கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகும், பார்வைப் பரப்பும் பெரும்பாலும் சுருங்கும்.

டயாப்டர்: இரு கண்ணுக்கும் உள்ள பார்வை வித்தியாசத்தைச் சரிக்கட்டும் வளையம் இது. பலரும் இதைத் தொடுவதே இல்லை. வலது முன் லென்ஸைக் கையால் மூடி, தூரத்துப் பலகை எழுத்து ஒன்றை நடுச் சக்கரத்தால் தெளிவாக்குங்கள். பிறகு இடது லென்ஸை மூடி, நடுச் சக்கரத்தை அசைக்காமல், வலக்கண் பக்கம் இருக்கும் வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். உங்கள் கண்ணுக்கு ஒருமுறை செய்தால் போதும்.

பறவையைப் பிடிப்பது: நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். பறவையைப் பார்த்ததும் குனிந்து பைனாகுலரைத் தேடுவேன். நிமிர்வதற்குள் இடம் தவறிவிடும். பார்வையைப் பறவையிலிருந்து எடுக்கவே கூடாது. முகத்தை அசைக்காமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வாருங்கள். பறவை அதற்குள் நிற்கும். நிற்காவிட்டால் கண்டபடி துழாவாதீர்கள். இறக்கிவிட்டு அருகில் ஓர் அடையாளம் பிடியுங்கள்: முறிந்த கிளை, பட்டை உரிந்த இடம், கவட்டை. முதலில் அதைப் பிடித்து, அங்கிருந்து நகருங்கள். பறக்காத ஒன்றை, ஒரு விளக்குக் கம்பத்தின் உச்சியை வைத்து, இருபது முறை பழகுங்கள். கை தானாகப் பழகிவிடும்.

எனக்கு முதலில் சிக்கியது ஒரு மரங்கொத்தி. வாலை மூன்றாவது காலாகத் தண்டில் ஊன்றிக்கொண்டு கொத்தியது. மரத்தூள் உதிர்வது வரை தெரிந்தது.

காது: டொக்... டொக்கென்று தட்டும் ஓசையோ அறிமுகமில்லாத குரலோ கேட்டால் நின்றுவிடுங்கள். மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். அதைத் துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்தபின் குறிப்பேட்டில் எழுதுங்கள். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். போட்டிக்கு ஆள் வந்துவிட்டதென்று அது கூட்டை விட்டு வரும்.

புத்தகத்தைப் புரட்டும் முன் பறவையைப் பார்த்து முடியுங்கள். சிட்டுக்குருவியைவிடப் பெரிதா, அலகு தடிப்பா ஊசியா, வாலை ஆட்டுகிறதா? வாயில் நாரோ இறகோ இருந்தால் பக்கத்தில் எங்கோ கூடு கட்டுகிறது. உங்களைப் பார்த்துக் கத்தத் தொடங்கினால் பின்வாங்கிவிடுங்கள்.

மற்ற உயிர்கள்: வெயில் ஏறத் தொடங்கியதும் வண்ணத்துப்பூச்சிகள் சிறகை விரித்து உடலைச் சூடேற்றும், நிழல் விழாமல் நெருங்கினால் அசையாது. குளக்கரையில் தவளை முட்டைகள் கொத்தாகவும், தேரை முட்டைகள் சரம்சரமாகவும் கிடக்கும். மரத்தடியில் எலும்பும் மயிரும் கலந்த சாம்பல் நிற உருண்டை கிடந்தால், செரிக்காததை ஆந்தை கக்கியது. மேலே பாருங்கள்.

பின்சேர்க்கை: மூக்குக்கண்ணாடி போட்டால் ஓரம் கறுப்பாகத் தெரிகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். கண் வைக்கும் இடத்திலுள்ள ரப்பர் கிண்ணத்தை உள்ளே திருகிவிடுங்கள். கண்ணாடி இல்லாதவர்கள் வெளியே இழுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று: இறகு முளைத்த குஞ்சு தரையில் தத்திக்கொண்டிருந்தால் எடுத்து வரலாமா என்று இன்னொருவர் கேட்டார். வேண்டாம். பறக்கப் பழகும் பருவம் அது; தாய் பெரும்பாலும் பக்கத்திலேயே இரையோடு காத்திருக்கும், நீங்கள் விலகினால் இறங்கி வரும்.